டெங்குக் காய்ச்சலும் நாட்கணக்கும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற சுகாதாரக் கருத்தரங்கில் வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று செயலாளரிடம் கேட்டேன். "மழை தொடங்கினால் எத்தினை பிள்ளையள் ஆஸ்பத்திரியில படுக்கப் போகினமோ தெரியாது. பிள்ளையளும் தாய்மாரும் அம்மம்மாமாரும் ஒண்டா இருக்கிற இடம் வேற எங்க கிடைக்கும்? நீங்கள் பேசுங்கோ" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டெங்கு வீட்டுக்குள் வளரும் நுளம்பினால் வருவது. அந்த வீட்டை நடத்துகிறவர்கள்தான் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

எமது சங்கத்தின் நூறு ஆண்டுகளும் இந்த நாட்டின் நுளம்புக் கதையோடு சேர்ந்தே நடந்தவை. 1934, 1935ஆம் ஆண்டுகளில் பரவிய மலேரியா கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் ஊர் ஊராக மக்களை வீழ்த்தியது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். பின்னர் டி.டி.ரி. மருந்து தெளித்தும், நோயாளரைத் தேடிக் கண்டு சிகிச்சை அளித்தும் அந்த நோயை அடக்கினார்கள். 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. இனி மலேரியா இல்லை என்று நினைத்துக் கவனம் தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை அது மீண்டும் பிடித்தது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு பாடுபட்டுத்தான், 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடம் பெற்றோம்.

மலேரியாவை வென்ற நாடு டெங்கிடம் ஏன் இத்தனை தடுமாறுகிறது என்று பலர் கேட்கிறார்கள். விடை எளிது. எமது நாட்டில் மலேரியாவைப் பரப்பிய நுளம்பு பெரும்பாலும் வற்றும் ஆற்றுக் குழிகளிலும் ஓடைகளிலும் பெருகியது. இரவில் கடித்தது. அரசாங்கத்தின் ஆட்கள் வந்து மருந்து தெளிக்கலாம், குடிமக்கள் வலைக்குள் படுக்கலாம். நோய் வந்தாலும் கிருமியைக் கொல்லும் மருந்து இருந்தது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்போ எங்கள் பூச்சாடித் தட்டில் பிறந்து, எங்கள் அலுமாரிக்குப் பின்னால் இருந்து, பகலில் எங்களையே கடிக்கிறது. டெங்கு வைரசைக் கொல்லும் மருந்து இன்னும் பாவனைக்கு வரவில்லை.

டெங்கு எமக்குப் புதியதல்ல. 1960களின் தொடக்கத்திலேயே இலங்கையில் அது உறுதிசெய்யப்பட்டது. 1989ஆம் ஆண்டிலிருந்து குருதிப்பெருக்குடன் கூடிய கடுமையான வகை பெருமளவில் பரவத் தொடங்கியது. 2009இல் ஏறத்தாழ 35,000 பேருக்கு நோய் வந்து 346 பேர் இறந்தார்கள். 2017இல் 186,101 பேர் நோயாளராகப் பதிவானார்கள். 440 பேர் இறந்தார்கள். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2009இல் நூறு நோயாளருக்கு ஒருவர் என்ற அளவில் இறந்தார்கள். 2017இல் ஆயிரம் பேருக்கு இரண்டு, மூன்று பேர். இடையில் புதிய மருந்து எதுவும் வரவில்லை. நோயின் எந்த நாளில், எந்த மணியில், எவ்வளவு திரவம் கொடுப்பது என்பதை எமது வைத்தியர்களும் தாதியரும் கற்றுக்கொண்டார்கள். ஒரு படுக்கையில் இருவர் கிடந்த நெருக்கடியிலும் மணிக்கு மணி அளந்து எழுதினார்கள். உயிர்களைக் காப்பாற்றியது அந்தக் கணக்குத்தான். அதில் ஒரு பகுதியை வீட்டிலேயே நீங்கள் வைத்திருக்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

முதலில் காய்ச்சலின் கணக்கு.

வைரசைச் சுமந்த நுளம்பு கடித்து, பெரும்பாலும் நான்கு முதல் ஏழு நாட்களில் காய்ச்சல் தொடங்கும். தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. தெரிபவர்களுக்குத் திடீரெனக் கடுமையான காய்ச்சல், தலையிடி, கண்ணுக்குப் பின்னால் நோ, உடம்பு உளைவு, ஓங்காளம் என்று வரும். சிலருக்குத் தோல் சிவக்கும். இது முதற் கட்டம். இந்த நாட்களில் பிள்ளை வாடிப் போய்க் கிடக்கும், வீட்டில் எல்லோரும் பயந்து போயிருப்பார்கள்.

மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் அனுப்பலாமோ டொக்டர்?" என்று கேட்பார்கள். அருமைத் தாய்மாரே, டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது.

அந்த நேரத்தில் சிலருக்கு மிக நுண்ணிய குருதிக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். குருதியின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் சேரும். குழாய்க்குள் எஞ்சிய குருதி தடித்துப் போகும். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் போதிய குருதி போகாது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடித்துத் தானாகவே நின்றுவிடும். அந்த ஒன்றிரண்டு நாட்களை நோயாளி பத்திரமாகக் கடந்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். வைத்தியசாலையில் நாம் செய்வதெல்லாம் அந்தப் பாலத்தைக் கடக்க உதவுவதுதான். திரவம் குறைந்தாலும் ஆபத்து, அளவுக்கு மிஞ்சினாலும் நுரையீரலில் சேர்ந்து ஆபத்து. அதனால்தான் உங்கள் பிள்ளை குடித்த ஒவ்வொரு கோப்பையையும், கழித்த சிறுநீரையும் தாதி அளந்து எழுதுகிறார். அவரை அலுப்பாகப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உறவினர்கள் வந்தவுடன் கேட்பது "பிளேற்லெற் எவ்வளவு?" என்பதைத்தான். குருதிச் சிறுதட்டுகள் குறைவது ஓர் எச்சரிக்கை. அவை ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கினால் வைத்தியசாலையில் இருக்க வேண்டும். ஆனால் நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கூடுதலாகச் சொல்வது குருதி எவ்வளவு தடித்திருக்கிறது என்ற அளவு. அதே அறிக்கையில் பி.சி.வி. என்று எழுதியிருப்பது அதுதான். நாடித் துடிப்பு, குருதியமுக்கம், சிறுநீரின் அளவு ஆகியவற்றையும் சேர்த்தே வைத்தியர் முடிவெடுக்கிறார். ஓர் எண்ணைக் கேட்டு நிம்மதி அடையவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.

ஆகவே காய்ச்சல் தொடங்கியவுடன் சுவரில் தொங்கும் கலண்டரில் திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். வைத்தியரின் முதற் கேள்வி "காய்ச்சல் எப்ப தொடங்கினது?" என்பதே. "முந்தநாளோ அதுக்கு முதல் நாளோ" என்ற பதில் பயன்படாது. ஒரு நாள் பிழைத்தால் கசிவு எப்போது தொடங்கும் என்ற கணக்கும் பிழைக்கும். காய்ச்சல் தொடர்ந்தால் மூன்றாம் நாளுக்குப் பிந்தாமல் குருதிப் பரிசோதனை செய்யுங்கள். வைத்தியர் மீண்டும் எடுக்கச் சொன்னால், காய்ச்சல் குறைந்திருந்தாலும் எடுங்கள். கர்ப்பிணித் தாய்மார், குழந்தைகள், முதியோர், நீரிழிவு போன்ற நீண்டகால நோயுள்ளவர்கள் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. முதல் நாளே வைத்தியரிடம் போக வேண்டும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும். நாம் பனடோல் என்று சொல்வது அதைத்தான். உடல் நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அதை மிஞ்சினால் ஈரல் பாதிக்கப்படும். அஸ்பிரின், இபுபுரோபன், டைகுளோபெனக், மெபனமிக் அமிலம் போன்ற நோ மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். அவை குருதிப்பெருக்கைக் கூட்டும். "உடம்பு உளையுது, நல்லதா ஒண்டு தாங்கோ" என்று பார்மசியில் கேட்டு வாங்குவது இந்த நோயில் ஆபத்தாக முடியலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் ஜீவனி, இளநீர், கஞ்சி, பழரசம் என்று கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்த்தால், வாந்தியில் குருதி கலந்திருக்கிறதா என்ற குழப்பம் வராது. பப்பாசி இலைச் சாறு பற்றிப் பலர் கேட்கிறார்கள். கசிவை அது நிறுத்தும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அதை நம்பி வீட்டில் கழிக்கும் ஒரு நாள்தான் கவலைக்குரியது.

காய்ச்சல் விடும் நாட்களில் இவற்றைக் கவனியுங்கள்: விடாத வாந்தி, வயிற்றுநோ, கைகால் குளிர்தல், தலைச்சுற்று, அளவு கடந்த சோர்வு, தூங்கிக்கொண்டே இருத்தல் அல்லது அந்தரப்படுதல், முரசிலோ மூக்கிலோ குருதி கசிதல், கறுப்பு நிறமாக மலம் போதல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் கழியாமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இது பெண்கள் கல்லூரி என்பதால் இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன். டெங்கு நாட்களில் மாதவிடாய் வந்தாலோ, வழக்கத்தைவிட அதிகமாகப் போனாலோ, முறை தவறி வந்தாலோ, அதுவும் குருதிப்பெருக்கின் அறிகுறியாக இருக்கலாம். விடுதியில் எத்தனையோ பிள்ளைகள் வெட்கத்தால் அதை மறைக்கிறார்கள். வைத்தியர் ஆணாக இருந்தால் கேட்டாலும் சொல்வதில்லை. மாணவிகளே, தாதியிடமாவது சொல்லுங்கள். தாய்மாரே, நீங்களாகவே கேட்டறிந்து சொல்லுங்கள். மூக்கிலிருந்து ஒழுகும் குருதியைச் சொல்வதற்கு வெட்கப்படுவதில்லையே.

தாய்மாரைப் பற்றியும் பேச வேண்டும். வீட்டில் எல்லோருடைய காய்ச்சலுக்கும் கணக்கு வைத்திருப்பவர் அம்மா. அவருடைய காய்ச்சலுக்கு யார் கணக்கு வைப்பது? இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு சமைத்து, உடுப்புத் தோய்த்து, வேலைக்கும் போய்விட்டு, காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று தலைக்குக் குளித்து, ஐந்தாம் நாள் குளிர்ந்த கையோடு அம்மா வைத்தியசாலைக்கு வருகிறார். கூட வந்த பிள்ளைகளுக்கோ கணவருக்கோ எத்தனையாவது நாள் என்பது தெரியாது. இதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். கலண்டரில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் திகதியை நீங்கள் எழுதுங்கள்.

முன்னர் ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு இனி வராது என்ற எண்ணமும் பிழை. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்டகாலப் பாதுகாப்புக் கிடைக்கும். இரண்டாம் முறை வேறு வகை தொற்றும்போது, முதற்றொற்றில் உருவான எதிர்ப்புப் பொருள்களே புதிய வைரசு கலங்களுக்குள் நுழைய உதவி, நோயைக் கடுமையாக்கக்கூடும். தடுப்பூசிகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை நோய் மிகுந்த இடங்களில் 6 முதல் 16 வயது வரையானோருக்குக் கொடுக்கலாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. எமது தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இன்னும் அது சேரவில்லை. அதுவரை எம்மிடம் இருப்பது வாளியும் தும்பும்தான்.

அடுத்தது நுளம்பின் கணக்கு.

பெண் ஈடிஸ் நுளம்பு தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடிருக்கும். கோடை முழுவதும் கிணற்றடியில் கிடந்த வெற்று வாளியில் ஐப்பசி மழை விழுந்ததும் அவை பொரிக்கும். அதனால் தண்ணீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரைத் தும்பினால் நன்றாக உரஞ்சிக் கழுவ வேண்டும்.

முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் நுளம்பாவதற்கு எமது காலநிலையில் ஏழு முதல் பத்து நாட்கள் எடுக்கும். இதுதான் எங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம். வாரத்தில் ஒரு நாள் தவறாமல் தேடி அழித்தால் அந்தச் சுற்று முடிவடையாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை செய்தால் செய்யாததற்குச் சமம். இதற்குப் புதிதாக ஒரு பழக்கம் தேவையில்லை. வெள்ளிக்கிழமைக்காக வியாழன் வீடு கழுவுகிற வீடுகள் உண்டு. ஞாயிறு ஆராதனைக்காகச் சனிக்கிழமை கூட்டித் துடைக்கிற வீடுகள் உண்டு. அந்த நாளோடு பத்து நிமிடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூச்சாடித் தட்டு, பாவிக்காத மலசலகூடம், கூரைப் பீலி, தண்ணீர்த் தாங்கியின் மூடி, நாய்க்கும் கோழிக்கும் தண்ணீர் வைக்கும் சட்டி, சிரட்டை, குரும்பைக் கோம்பை, ரயர், யோகட் கோப்பை, மூடி வைத்த பொலித்தீன் விரிப்பின் மடிப்பு ஆகியவற்றை ஒரு சுற்றுப் பாருங்கள்.

கடலோரத்தில் உவர்நீர் என்பதால் எங்களுக்குப் பயமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உவர்த்தன்மையுள்ள கிணறுகளிலும் எறியப்பட்ட பாத்திரங்களிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்வதை எமது நாட்டு ஆய்வாளர்களே கண்டறிந்து 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள். பாவிக்காத கிணறு இருந்தால் வலையால் மூடுங்கள், அல்லது குடம்பிகளைத் தின்னும் சிறு மீன்களை விடுங்கள்.

புகை அடித்தால் போதும் என்றும் பலர் நம்புகிறார்கள். அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் நுளம்புதான் புகையில் சாகும். தண்ணீருக்குள் இருக்கும் குடம்பிக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரம் அது பறக்கும். ஈடிஸ் பொதுவாகப் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீற்றருக்கு அப்பால் போவதில்லை. உங்கள் பிள்ளையைக் கடித்த நுளம்பு உங்கள் வளவிலோ பக்கத்து வளவிலோதான் பிறந்திருக்கும். நோயாளியைக் கடிக்கும் நுளம்பு பத்து நாளளவில் மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கத் தயாராகிவிடும். எனவே காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். இதே நுளம்புதான் 2006ஆம் ஆண்டின் கடைசியில் எங்களையெல்லாம் மூட்டு நோவோடு நொண்ட வைத்த சிக்குன்குன்யாவையும் பரப்பியது என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த உரை மலரில் அச்சாகும் என்று சொன்னார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் எமது சங்கக் கிளைகளின் சகோதரிகள் அதை வாசிப்பார்கள். அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்கள் பூட்டிய வீடுகள். பரிசோதகர்கள் படலைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. உள்ளே பீலி அடைத்து, தொட்டி நிறைந்து கிடக்கிறது. அயலிலுள்ள பிள்ளைக்குத்தான் காய்ச்சல் வருகிறது. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி காணியைச் சுத்தமாக வைத்திருப்பது உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் பொறுப்பு. சட்டத்துக்காக அல்ல, அயலாருக்காகக் கேட்கிறேன். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை வளவைப் பார்க்க ஒழுங்கு செய்யுங்கள். இரண்டாவது, விடுமுறைக்கு வந்து திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், இலங்கைக்குப் போய்வந்ததை உங்கள் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர் டெங்குவை அடிக்கடி காணாதவராக இருக்கலாம்.

கடைசியாக எமது கல்லூரி. பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் காலை வேளையில்தான் ஈடிஸ் கூடுதலாகக் கடிக்கிறது. வடக்கில் மழை பெய்து நோய் உச்சத்துக்குப் போவது கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில். மார்கழியில் பாடசாலை விடுமுறை. அடைத்த பீலியும் தேங்கிய தண்ணீரும் ஆளில்லாத வகுப்பறைகளும் நுளம்புக்கு ஒரு மாத வாடகையில்லாத வீடு. தை மாதம் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு அங்கேதான் வந்து அமர்கிறார்கள்.

நூற்றாண்டு நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கத்தில் ஆலோசிக்கிறார்கள். கட்டடமும் புலமைப்பரிசிலும் அவசியந்தான். அவற்றோடு செலவில்லாத ஒன்றையும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கிறேன். ஐப்பசி பிறக்குமுன் கூரைப் பீலிகளைத் துப்புரவாக்க ஒரு சிரமதானம். விடுமுறையில் ஒவ்வொரு வாரமும் ஓர் ஆண்டு அணியினர் முறைவைத்து வந்து, ஒரு மணித்தியாலம் வளவைச் சுற்றிப் பார்த்து, பார்த்த திகதியை அதிபர் அலுவலகத்தில் உள்ள கொப்பியில் எழுதிக் கையொப்பமிடுவது. அவ்வளவுதான். 1963இல் நாடு கவனம் தளர்ந்தபோது நடந்தது இங்கும் நடக்காதிருக்க, அந்தக் கொப்பியில் ஒரு வாரமும் வெறுமையாக இருக்கக் கூடாது. முதல் வாரத்துக்கு எனது அணியின் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டாம் வாரத்துக்கு யார் வருகிறீர்கள் என்று தேநீர் வேளையில் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.